கால் பார்க்க வந்தவர்

என் கணவருக்கு நான் இரண்டாம் மனைவி. முதல் மனைவி தலைப்பிள்ளையைச் சுமந்திருந்தபோது இறந்துபோனார், குழந்தையும் தங்கவில்லை. சுனாமிக்கு அடுத்த வருஷம் நடந்தது அது. பெண் பார்க்க வந்த அன்றே இவர் அதை மறைக்காமல் சொன்னார். காட்டுமன்னார்கோவிலில் எங்கள் வீட்டுக் கூடத்தில், காபி டம்ளரைக் குடிக்காமலே கையில் வைத்துக்கொண்டு, "எட்டாம் மாசம். ஃபிட்ஸ் வந்துடுச்சி. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே முடிஞ்சிபோச்சி" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. என் அப்பாவும் அப்படித்தான். நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது அம்மா காமாலையில் போனபின், அவளைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதே இல்லை. அதனால் இவருடைய மௌனம் எனக்குப் பழகிய இடம் மாதிரி இருந்தது. சம்மதம் என்று சொல்லிவிட்டேன்.

இவர் அண்ணாமலை நகரில் ஹாஸ்டல்களுக்கு எலக்ட்ரீஷியன். குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். எனக்குச் சிதம்பரத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில் வேலை. கல்யாணமான அடுத்த வருஷமே நான் உண்டானேன். சொன்னபோது இவர் எங்கள் வீட்டு மிக்சியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "டாக்டர்கிட்ட எப்பப் போவணும்?" என்றார். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அதற்குப் பிறகு செக்கப்புக்கெல்லாம் தவறாமல் கூட வருவார். ஆனால் உள்ளே வரமாட்டார், வேப்ப மரத்தடியில் வண்டியில் சாய்ந்து நிற்பார். ஸ்கேன் படத்தை நீட்டினால் வாங்கி, பார்க்காமலே பையில் வைத்துவிடுவார். "பேரு என்ன வைக்கலாம்?" என்று ஒருமுறை கேட்டேன். "அதெல்லாம் அப்பறம்" என்றார். பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் கேட்டேவிட்டார்: "உங்க வீட்டுக்காரருக்குச் சந்தோஷமே இல்லியா?" துணி துவைக்கிற கல்லருகே நின்று, குழாய்த் தண்ணீர்ச் சத்தத்தில் அழுதேன்.

ஐந்தாம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்து சமையலுக்கு உட்கார்ந்தபோது வாசலில் ஒரு அம்மா நின்றிருந்தார். நல்ல உயரம். நெற்றியோரம் மட்டும் நரை. கையில் ஒயர் கூடை, அதில் ஈரத் துணி சுற்றிய பொட்டலம். இவர் பார்த்ததும் சட்டென்று எழுந்து நின்றார்.

"வாங்க அத்த."

எனக்கு உடனே புரிந்தது. பீரோவில் துணிகளுக்கு அடியில் இவர் வைத்திருந்த பழைய கல்யாணப் போட்டோவில், மணப்பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்பவர். இறந்துபோனவரின் அம்மா. கடலூர் முதுநகரில், துறைமுகம் போகிற தெருவில், காலையில் இட்லி, ஆப்பம் போட்டு விற்கிறவர்.

உட்காரச் சொன்னேன். தண்ணீர் வாங்கிக் குடித்தார். கூடையை என் பக்கம் தள்ளினார். "எறா இருக்கு. உரிச்சிதான் கொண்டாந்தேன்" என்றார். பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"உனக்கு அம்மா இல்லன்னு சொன்னாங்க."

"ஆமாங்க. சின்ன வயசுலயே."

"அப்ப பேறுகாலத்துக்கு யாரு வருவாங்க?"

"சித்தி வர்றேன்னு சொல்லியிருக்காங்க."

"அவுங்க வரட்டும். நானும் வரட்டுமா?"

இவரைப் பார்த்தேன். இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாவே சொன்னார்: "உனக்கு இஷ்டம் இல்லன்னா வாணாம் கண்ணு. நான் கோச்சிக்க மாட்டேன். ஒரே ஒரு தடவ கால மட்டும் காட்டு, பாத்துட்டுப் போறேன்."

நான் நாற்காலியில் இருந்தேன். அவர் தரையில் உட்கார்ந்து, என் புடவையைக் கொஞ்சம் தூக்கி, கணுக்காலுக்கு மேலே எலும்பின் மீது கட்டைவிரலை வைத்து அழுத்தினார். அழுத்தியபடியே கொஞ்ச நேரம் இருந்தார். விரலை எடுத்துவிட்டு, அந்த இடத்தையே குனிந்து பார்த்தார்.

"குழி விழல" என்றார். "நல்லது."

அன்று சாயங்காலம் சித்திக்குப் போன் பண்ணினேன். சித்தி கத்தினாள்: "உனக்கென்னடி புத்தி கெட்டுப்போச்சா? பிரசவத்துல பொண்ணப் பறிகொடுத்தவ. அவ கண்ணு உன் வயித்துல படலாமா? வீட்டுப் பக்கமே சேக்காத." டீச்சராக இருந்தால் என்ன, எனக்கும் பயம்தான். அந்த விரல் பட்ட இடம் ராத்திரி வரை குறுகுறுத்தது. இவரிடம் கேட்டேன்.

"உனக்கு எது சரின்னு தோணுதோ செய்யி" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அவுங்க என்னைத் திட்டுனதே இல்ல" என்றார். "எல்லாரும் திட்டுனாங்க. அவுங்க திட்டல."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் சரி என்றேன்.

பிறகு ஞாயிறுதோறும் வந்தார். விடியற்காலை ஆப்பக் கடையை முடித்துவிட்டுப் பஸ் ஏறி, புதுச்சத்திரம் வழியாக வந்து இறங்குவார். கூடையில் ஏதாவது ஒரு மீன் இருக்கும். முதலில் கால். பிறகு சமையல். சாப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டுக் கிளம்பிவிடுவார். தன் மகளைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ஒருநாள் கொல்லைப் பக்கம் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது, எனக்குப் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"எதுக்குங்க வாரா வாரம் கால அழுத்திப் பாக்கறீங்க?"

கத்தியை நிறுத்தாமலே சொன்னார்.

"என் பொண்ணுக்குக் கால் வீங்கியிருந்திச்சி. புள்ளத்தாச்சின்னா வீங்கத்தான் செய்யும்னு எங்கம்மா சொல்லும். நானும் அப்படியே இருந்துட்டேன். அன்னிக்குக் காலையில, தல வலிக்குதும்மா, கண்ணு மங்கலா இருக்குதுன்னா. தைலம் தேச்சிப் படுக்க வச்சேன். நான் மாவு கரைச்சிக்கிட்டு இருக்கறப்ப உள்ள சத்தம் கேட்டுது. போய்ப் பாத்தா கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்குது."

மீனைத் தண்ணீரில் அலசினார்.

"அடக்கம் முடிஞ்சதும் எல்லாரும் கடவுள் சித்தம்னாங்க. விதின்னாங்க. எனக்கு அது போதல. என் புள்ள எதனால செத்தான்னு எனக்குத் தெரிஞ்சாவணும். ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதான் பாடிய வாங்கிக்கிட்டுப் போயிட்டியேம்மா, இன்னும் என்னான்னு கேட்டாங்க. மறுநாளும் போனேன். கட முடிச்சிட்டுத் தெனம் போயி வராண்டாவுல உக்காந்துக்குவேன். கடைசியா ஒரு சின்ன வயசு டாக்டரம்மா வந்து பெஞ்சில எம்பக்கத்துல உக்காந்தாங்க. பிரஷர் ஏறியிருக்கும், உப்பு சேந்திருக்கும், கால் வீங்கும், தல வலிக்கும், கண்ணு மங்கும், அப்பறம் ஃபிட்ஸ் வரும், எல்லாத்தையும் சொன்னாங்க. நான் படிக்காதவ. மறுபடி சொல்லுங்க, மறுபடி சொல்லுங்கன்னேன். அந்தப் பொண்ணு சலிச்சிக்கவே இல்ல."

"அப்பறம்?"

"அப்பறம் நானே கேட்டேன். காலையிலயே கூட்டியாந்திருந்தா பொழச்சிருப்பாளான்னு. அவுங்க என் கையப் புடிச்சிக்கிட்டாங்க. பொழச்சிருக்கலாம்மான்னாங்க."

"அதக் கேட்டு எப்படிங்க தாங்குனீங்க?"

"தாங்கல. உப்பனாத்துப் பாலத்து மேல ரொம்ப நேரம் நின்னேன்." கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அப்பறம் தோணிச்சி, இது காப்பாத்த முடியற நோவுன்னுதான சொல்றாங்க. விதின்னா ஒண்ணும் பண்ண முடியாது. காப்பாத்த முடியும்னா அடுத்த பொண்ணயாவது காப்பாத்தலாம் இல்ல?"

நான் அசந்துபோனேன். இன்றைக்கும் அந்த இடத்தை நினைத்தால் அசந்துதான் போகிறேன். விதி என்று எல்லோரும் கொடுத்த ஆறுதலை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, தன்னைக் குத்துகிற ஒரு பதிலுக்காகத் தினமும் வராண்டாவில் போய் உட்கார்ந்த மனசு எப்படிப்பட்டது? கிடைத்த பதிலைக் கொண்டுபோய் ஆற்றில் போடாமல், அதை வைத்துக்கொண்டு அடுத்த பெண்ணைத் தேடிப் போக எங்கிருந்து தெம்பு வந்தது? பி.எட். படித்த நான், என் அம்மாவின் காமாலை எதனால் வந்தது, ஏன் முற்றியது என்று ஒரு ஆளிடமும் கேட்டதில்லை. கேட்கலாம் என்பதே எனக்குத் தோன்றியதில்லை.

முதலில் அவருடைய தெருவிலேயே அவரை யாரும் அண்டவிடவில்லையாம். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். "நான் வர்றேன்னா புள்ளத்தாச்சிப் பொண்ணுங்க பொடவைய இழுத்துக் கால மறைச்சிக்குவாளுங்க. தப்பில்ல. எனக்கே என் கண்ணப் பாத்தா பயமாத்தான் இருந்திச்சி." பிறகு வலை பின்னுகிறவர் வீட்டு மருமகள் ஒருத்தி தானே வந்து காலை நீட்டினாளாம். அழுத்திய இடத்தில் விரல் புதைந்தது. கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினார். தாயும் பிள்ளையும் நல்லபடியாக வீடு திரும்பினார்கள். அதற்குப் பிறகு கூப்பிட்டு அனுப்ப ஆரம்பித்தார்கள்.

என் எட்டாம் மாதம் பிறந்ததும் ஆப்பக் கடையைத் தங்கை பொறுப்பில் விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். சித்தியும் வந்து பார்த்துவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். எனக்குப் பிரஷர் லேசாக ஏறியிருந்தது. டாக்டர் மாத்திரை கொடுத்து, ஜாஸ்தி நிற்க வேண்டாம் என்றார். ஆண்டுத் தேர்வு நேரம். லீவு போடத் தயங்கி, உட்கார்ந்தே பாடம் நடத்துகிறேன் என்று போய்க்கொண்டிருந்தேன். தினமும் காலையில் அந்த விரல் அழுத்தும். ஒருநாள் குழி விழுந்தது. ஆழமில்லை, ஒரு நிழல் மாதிரி. "இன்னிக்குப் போவாத" என்றார். "மத்தியானம் வந்துடறேன்" என்று போனேன்.

பத்து மணிக்கெல்லாம் தலைவலி பிடித்துக்கொண்டது. வெயில் என்று நினைத்தேன். ஹெட்மாஸ்டரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். கதவுக்கு எதிரே மாட்டியிருந்த காலண்டரில் தேதி தெரியவில்லை. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். எழுத்தெல்லாம் கலங்கி, ஓரங்களில் வெள்ளிப் பொட்டுகள் மிதந்தன.

"தல வலிக்குது" என்றேன். "கண்ணு மங்கலா இருக்கு."

அடுப்படியில் கரண்டியோடு நின்றிருந்த அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் அந்தக் கண்ணில் நான் இல்லை. அவர் வேறு வீட்டில், வேறு ஒரு காலையில், மாவுக் கையோடு நின்றுகொண்டிருந்தார். இத்தனை மாதமாக எதற்காகக் காத்திருந்தாரோ அது வந்தபோது அவரால் அசைய முடியவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது.

"அம்மா" என்றேன்.

அதுவரை நான் அவரை எந்த முறை வைத்தும் கூப்பிட்டதில்லை. வாங்க, போங்க என்றே சமாளித்து வந்தேன். அந்தச் சொல் கேட்டதும் அவர் தலை நிமிர்ந்தது. தரையில் கையை ஊன்றி எழுந்தார். அடுப்பை அணைத்தார். என் கைபேசியை எடுத்து நீட்டி, "நம்பரப் போட்டுக் குடு" என்றார்.

"மாப்ள, வண்டி கொண்டா. இப்பவே."

சாதம் வடிக்கிற நேரம்கூட ஆகியிருக்காது, ஆட்டோ வாசலில் நின்றது. இவர் இறங்கி வந்து என்னைத் தாங்கிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் பிரஷர் பார்த்துவிட்டு உள்ளே ஓடினார். பிரசவ வார்டுக்குள் பெண்களை மட்டும்தான் விட்டார்கள்.

"நீங்க யாரு, அம்மாவா?" என்று கேட்டார்கள்.

"ஆமா. பொண்ணோட அம்மா" என்றார், கொஞ்சமும் தடுமாறாமல். டாக்டர் வந்ததும், பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்று சொன்னார்: "கால்ல குழி காலையில விழுந்துச்சி. தலவலி பத்து மணியிலேர்ந்து. கண்ணு மங்குது. ஃபிட்ஸ் இன்னும் வரல."

டாக்டர் அவரை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். "சரியான நேரத்துக்குக் கூட்டிட்டு வந்திருக்கீங்க" என்றார். ஊசி போட்டார்கள். உடம்பு முழுக்க நெருப்பு ஓடியது போல இருந்தது. ஆபரேஷன்தான், தாமதிக்க முடியாது என்றார்கள். ரத்தம் தேவைப்படலாம், ஏற்பாடு பண்ணுங்கள் என்று சொல்ல வெளியே போன நர்ஸ், போன வேகத்தில் திரும்பி வந்து, "ரெடியா இருக்காங்க டாக்டர், மூணு பசங்க" என்றார்.

அது எப்படி என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. தள்ளிக்கொண்டு போகும்போது அந்த அம்மா கூடவே நடந்து வந்தார். கதவு வரைதான் அவருக்கு அனுமதி. குனிந்து என் காதருகே சொன்னார்: "பயமாருக்கா? எனக்கும்தான். அது பாட்டுக்கு இருக்கட்டும். நீ மூச்ச இழுத்து விடு. நான் இங்கயேதான் நிப்பேன்."

பெண் குழந்தை. ஒரு கைக்குள் அடங்குகிற அளவு. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். மறுநாள் என்னைச் சக்கர நாற்காலியில் கூட்டிப்போய்க் காட்டினார்கள். மூக்கில் குழாய், காலில் டேப், நெஞ்சு தபதபவென்று ஏறி இறங்கியது. அவ்வளவு சின்ன உடம்பு அவ்வளவு பிடிவாதமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து எனக்குக் கும்பிடத் தோன்றியது. பக்கத்தில் அந்த அம்மா நிஜமாகவே கும்பிட்டபடி நின்றிருந்தார்.

ரத்தம் கொடுக்க வந்த பையன்கள் ஹாஸ்டல் மாணவர்கள் என்பது பிறகு தெரிந்தது. நான் உண்டான நாள் முதல், ஹாஸ்டல் அறைகளில் ஃபேன் ரிப்பேர் பண்ணப் போகும்போதெல்லாம் இவர், "தம்பி, உன் ரத்தம் என்னா குரூப்பு?" என்று கேட்டிருக்கிறார். என் குரூப் உள்ளவர்களிடம், கூப்பிட்டால் வர வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறார். அந்த ஆட்டோக்காரர் கடைசி மாதத்தில் ஊரைத் தாண்டிச் சவாரி போவதென்றால் இவருக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டுத்தான் போவாராம். சந்தோஷமே இல்லை என்று நான் அழுத நாட்களில் எல்லாம் இவர் இதைச் செய்துகொண்டிருந்திருக்கிறார்.

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்று வார்டில் கேட்டேன்.

"சொன்னா நான் பயப்படறது உனக்குத் தெரிஞ்சிடும்." இவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "போன தடவ எல்லாத்தயும் முன்னாடியே வாங்கி வச்சேன். தொட்டில், சட்ட, தொப்பி. யாருகிட்ட திருப்பிக் குடுக்கறதுன்னே தெரியல." அதைச் சொல்லும்போதுதான் இவர் அழுததை முதல் முறையாகப் பார்த்தேன்.

ஒரே வீட்டில், ஒரே சாவைச் சுமந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் வரப்போவதை முகம் கொடுத்துப் பார்க்கவே அஞ்சி, அஞ்சியபடியே அதற்கு முன்னும் பின்னும் வேலி கட்டினார். இன்னொருவர் நேராக வந்து, தரையில் உட்கார்ந்து, காலைக் காட்டு என்றார். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நானும் என் மகளும் பிழைத்தோம். இரண்டில் எது பெரிது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஞானஸ்நானத்துக்கு முன்னால், இறந்துபோன அந்தப் பெண்ணின் பெயரையே குழந்தைக்கு வைக்கலாம் என்று நான் சொன்னேன். அம்மா மகிழ்வார் என்று நினைத்தேன். அவர் தலையாட்டி மறுத்தார்.

"வாணாம் கண்ணு. அந்தப் பேரு அவளுக்கு. இதுக்குப் புதுசா ஒண்ணு வையி. இது யாருக்குப் பதிலாவும் வரல. இதுவா வந்திருக்கு."

அப்படியே, எங்கள் இரண்டு குடும்பத்திலும் யாருக்கும் இல்லாத ஒரு பெயரை வைத்தோம்.

மகளுக்கு ஒன்றரை வயது தாண்டியபோது 'தானே' புயல் அடித்தது. முதுநகரில் அம்மாவின் வீட்டு ஓடுகள் மொத்தமும் பறந்துவிட்டன. மரங்கள் விழுந்து பஸ் ஓடவில்லை. இவர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டும் தள்ளிக்கொண்டும் போய் அவரைக் கூட்டி வந்தார். கூரை போட்டு முடிகிறவரை எங்களோடுதான் இருந்தார். அந்த நாட்களில்தான் நான் மறுபடி உண்டானேன்.

இம்முறை பயம் என்னுடையதாக இருந்தது. கண்ணை மூடினால் அந்த வெள்ளிப் பொட்டுகள் மிதந்தன. இவரிடம் சொல்வதற்கு முன் அம்மாவிடம்தான் சொன்னேன். "மறுபடி வருமாம்மா?"

"வரலாம். வராமயும் போவலாம்" என்றார். "வந்தா என்னா பண்ணணும்னு இந்தத் தடவ மூணு பேருக்குத் தெரியும்."

இவர் கேட்டுவிட்டு வெளியே போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தார். "பயமாத்தான் இருக்கு" என்றார். பிறகு, "சந்தோஷமாவும் இருக்கு" என்றார்.

மாதாமாதம் பிரஷர் பார்த்தார்கள். ஏறவில்லை. காலும் அதிகம் வீங்கவில்லை. முதல் ஆபரேஷனுக்கு ரொம்ப நாள் ஆகவில்லை என்பதால் இதையும் ஆபரேஷனாகவே நாள் குறித்துச் செய்தார்கள். நல்ல வெளிச்சமான காலை. பையன் பிறந்து, எடை போட்டு, உரக்க அழுது, எல்லாம் எந்தக் குழப்பமும் இல்லாமல் முடிந்தது.

என்னை ஸ்ட்ரெச்சரில் வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள். வராண்டா பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருந்தார். தலை சுவரில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவர் மடியில் என் மகளும் தூங்கிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் இருந்த நாளில் எல்லாம் நான் ஒருமுறை புரண்டு படுத்தால் "என்னாம்மா?" என்று குரல் கொடுப்பவர். நர்ஸ் வருவதும் போவதும், ஸ்ட்ரெச்சர் சக்கரம் கிறீச்சிடுவதும் எதுவும் அவர் காதில் விழவில்லை.

இவர் அவர்களுக்கு முன்னால், வெயில் அவர்கள் மேல் விழாதபடி நின்றிருந்தார்.

"எழுப்பட்டுமா?" என்று என்னிடம் மெல்லக் கேட்டார்.

"வேணாம்" என்றேன். "தூங்கட்டும்."